தங்கிப் போகிறவர்களும் தங்கிவிட்டவர்களும்

சொந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றில் சம்பளம் வாங்காமல், ஆறு மாதமோ ஓராண்டோ அதற்கு மேலோ தங்கிப் பணிபுரிகிறவரை நீண்டகாலத் தன்னார்வலர் என்று அழைப்பது வழக்கம். விடுமுறையில் இரண்டு வாரம் வந்து, இல்லத்துச் சுவருக்கு வண்ணம் பூசி, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவரிடமிருந்து இவரைப் பிரித்துக் காட்டுவதற்காகவே 'நீண்டகாலம்' என்ற அடைமொழி சேர்ந்தது. ஆனால் இந்தக் காலக்கணக்கு வருகிறவரின் நாட்காட்டியைப் பார்த்துப் போடப்பட்டதே தவிர, இல்லத்தில் வளரும் குழந்தையின் வயதைப் பார்த்துப் போடப்பட்டதன்று. 3 வயதில் இல்லத்துக்குள் வந்து 18 வயதில் வெளியேறும் பிள்ளைக்கு அங்கே 15 ஆண்டு வாழ்க்கை உண்டு. அந்தப் பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், ஓராண்டு தங்கும் வெளிநாட்டவரும் வந்துபோகிற விருந்தாளிதான்.

இவ்வாறு வந்தவர்களைப் பற்றிய இரு நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு என்பதால், அவர்களுடைய நல்லெண்ணத்தை மட்டும் வைத்து எடை போட வேண்டிய தேவை இங்கே இல்லை. யார் வந்தார்கள், எவ்வளவு காலம் இருந்தார்கள், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டு இருந்தார்கள், போன பிறகு இல்லத்தில் எது எஞ்சியது என்பவற்றை வரலாறே காட்டிவிடுகிறது.

எழும்பூரில் ஒரு பாதிரியார்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்த ஐரோப்பியர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து, தந்தையை இழந்தோ தந்தையால் கைவிடப்பட்டோ இருந்த ஆண்பிள்ளைகளுக்காக எழும்பூரில் பழைய கொத்தளம் ஒன்றில் இல்லம் தொடங்கப்பட்டபோது, 1789-இல் அதன் கண்காணிப்பாளர் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். அந்தப் பொறுப்புக்கென்று ஒதுக்கப்பட்ட சம்பளத்தை வேண்டாமென்று மறுத்தார் என்பதால், வெளிநாட்டிலிருந்து வந்து சென்னைக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் ஊதியமின்றிப் பணிபுரிந்தவர்களில் மிகப் பழைய பெயர்களுள் ஒன்றாக அவருடைய பெயரைச் சொல்லலாம். படைப்பிரிவுகளின் மதகுருப் பதவிகள் பலவற்றை ஒரே நேரத்தில் வகித்து, அவற்றின் வருமானத்தில் பெருஞ்செல்வத்தோடு அவர் ஊர் திரும்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பெருமை நேர்மையாகாது.

பெல்லின் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றம் உலகப் புகழ் பெற்றது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்ட அவர், அதே முறையைத் தம் இல்லத்தில் கொண்டுவர விரும்பியபோது, சம்பளம் வாங்கிய உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனிடமே கீழ்வகுப்பை ஒப்படைத்தார். வயதில் மூத்த பிள்ளை இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அவர்களை மேய்ப்பதும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற பெயரில் நெடுங்காலம் இருந்த ஏற்பாடுதான். பெல் 1796-இல் சென்னையை விட்டுச் சென்று, மறு ஆண்டு லண்டனில் இதைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளெங்கும் அது பரவியது. 1832-இல் இறந்த அவருடைய உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றே பெயர். ஏழாண்டு காலத்தில் எழும்பூர் இல்லம் பெல்லுக்குக் கொடுத்ததும் பெல் அந்த இல்லத்துக்குக் கொடுத்ததும் ஒரே அளவினவா என்ற கேள்வியை எழுப்பினால், தராசு இல்லத்தின் பக்கமே தாழ்ந்து நிற்கும். இன்றைக்கும் தன்னார்வப் பணிக்கு வருகிறவர் தம் கல்விச் சான்றுகளிலும் வேலை விண்ணப்பங்களிலும் சேர்த்துக்கொள்ளும் அனுபவத்தின் மதிப்பு, அவர் செய்துவிட்டுப் போன வேலையின் மதிப்பைவிட அதிகமாக இருப்பது அரிதன்று.

களக்காட்டு மலையடிவாரம்

பெல்லுக்கு நேர்மாறான எடுத்துக்காட்டு திருநெல்வேலிச் சீமையில் உள்ளது. 1867-இல் வட அயர்லாந்துக் கடற்கரை ஊரான மில்லைலில் பிறந்த ஏமி கார்மைக்கேல், ஜப்பானில் சிறிது காலம் பணிபுரிந்து உடல்நலம் குன்றிய பின்னர், 1895-இன் இறுதியில் இந்தியா வந்து சேர்ந்தார். தமிழ் கற்றுக்கொண்டு திருநெல்வேலி ஊர்களில் சமயப் பணி செய்துகொண்டிருந்த அவரிடம், 1901 மார்ச்சில், பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து தப்பி வந்த 7 வயதுச் சிறுமி ஒருத்தி பண்ணைவிளையில் அடைக்கலம் புகுந்தாள். சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, தெய்வத்துக்கு மணமுடித்ததாகக் கருதிக் குடும்ப வாழ்க்கை மறுக்கும் பொட்டுக்கட்டுதல் என்ற வழக்கம் அப்போது நடைமுறையில் இருந்தது. அந்தச் சிறுமியைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்ததால், களக்காட்டுக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருக்கும் டோனாவூரில் இல்லம் உருவாயிற்று. ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸ் காலத்தில் அங்கே தேவாலயம் கட்டப் பணம் கொடுத்த டோனா என்ற பிரபுவின் பெயரே அந்தச் சிற்றூருக்கு வந்தது.

மிஷன் பணியாளர்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சொந்த நாட்டுக்கு அனுப்பி, ஓய்வெடுக்கச் செய்து, நன்கொடையாளர்களைச் சந்திக்கவைத்துத் திரும்ப அழைக்கும் தாயக விடுப்பு என்ற ஏற்பாடு அக்காலச் சபைகள் பலவற்றில் இருந்தது. இந்தியா வந்த பிறகு ஏமி கார்மைக்கேல் அந்த விடுப்பை ஒருமுறையும் எடுக்கவில்லை. 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே இறக்கும்வரை ஏறத்தாழ 55 ஆண்டுகள் அவர் அயர்லாந்துக்குத் திரும்பவேயில்லை. அவற்றில் கடைசி 20 ஆண்டுகளை, 1931-இல் பள்ளம் ஒன்றில் விழுந்து காலும் முதுகும் பாதிக்கப்பட்டதன் விளைவாக, பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கழித்தார். தம் கல்லறையில் பெயர்க்கல் வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டதால், குழந்தைகள் அந்த இடத்தில் பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்றை வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள்.

இந்தத் தியாகக் கதை தேவாலயப் பிரசங்கங்களில் ஆயிரம் முறை சொல்லப்பட்டுவிட்டது. இல்ல நிர்வாகம் என்ற கோணத்தில் பார்க்கிறவருக்கு அதைவிட அக்கறைக்குரியவை வேறு சில உண்டு. முதலாவது, டோனாவூரின் அன்றாட வாழ்க்கை ஏமியால் மட்டும் நடந்ததன்று. கைக்குழந்தைகளுக்கு மருத்துவ வசதி வேண்டியிருந்தபோது நெய்யூர் மருத்துவமனைக்கு அருகில் தனியாக ஒரு குழந்தைப் பராமரிப்பு வீடு வைத்து நடத்தியவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்மணி. பாலுக்கும் தாதிமாருக்கும் அலைந்து, தொற்றுநோயில் சிசுக்கள் இறந்துபோன நாட்களிலும் அந்த வீட்டைக் கைவிடாமல் காத்தவர் அவர். 1915-இல் பொன்னம்மாள் இறந்தபின் அவருடைய வரலாற்றை ஏமியே தனி நூலாக எழுதினார். இரண்டாவது, முறைப்பெயர்கள். இல்லத்தில் பணிபுரிந்த தமிழ்ப் பெண்கள் அக்காள் என்றும், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி என்றும், ஆண்கள் நெல்லை வழக்கப்படி அண்ணாச்சி என்றும் அழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் மேடம், சார் என்று தனியே நிற்காமல், ஊர் உறவுமுறைக்குள் ஓர் இடத்தை ஏற்று, அந்த இடத்துக்குரிய பொறுப்பையும் ஏற்றார்கள். மூன்றாவது, 1927-இல் டோனாவூர் ஐக்கியம் தனி அமைப்பாகப் பதிவு செய்யப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும், பணத்துக்காக வெளியாரிடம் கையேந்துவதில்லை என்ற விதி கடைப்பிடிக்கப்பட்டது. குழந்தையின் துயரத்தைக் காட்டிப் பணம் கேட்கும் பழக்கம் அமைப்பின் விதியாலேயே தடுக்கப்பட்டிருந்தது என்பது, இன்றைய விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வியப்பாகவே தோன்றும்.

ஏமியைக் குறைகூறுவோரும் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. குழந்தைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள். பிறந்த குடும்பத்தோடு உறவு பெரும்பாலும் அறுக்கப்பட்டது. உறவினர்கள் பிள்ளையைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் சென்றதும் உண்டு. பொட்டுக்கட்டுதலிலிருந்து காப்பாற்றப்பட்ட குழந்தைக்குத் தாய்வீடு பாதுகாப்பானதாக இருந்திருக்காது என்ற பதில் பல வேளைகளில் சரியானதே; ஆனாலும் எந்தக் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை அடைக்கலம் கொடுத்தவரே தீர்மானிக்கும் நிலை, தீர்மானிப்பவர் எவ்வளவு நல்லவராயினும், பாதுகாப்பானதன்று. இன்றைய சட்டம் அந்த அதிகாரத்தை இல்லத்தின் கையிலிருந்து எடுத்துவிட்டதற்கு இதுவே அடிப்படை.

அடையாற்றிலிருந்து என்.எஸ்.கே. நகர் வரை

அதே பொட்டுக்கட்டுதல் சிக்கலுக்குச் சென்னையில் கிடைத்த விடை வேறு வகையானது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமுன்வரைவு கொண்டுவந்த நாட்களில், அந்த வாழ்க்கையை விட்டு வெளியேறிய சிறுமியர் தங்க இடமின்றி அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களுக்குத் தம் வீட்டிலேயே இடம் கொடுத்ததில் தொடங்கியதுதான் 1930-31 காலத்தில் உருவான அடையாறு அவ்வை இல்லம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தியாகராய நகரில் 1949-இல் மஞ்சுபாஷிணி அம்மையார் காமராசரின் ஆதரவோடு தொடங்கிய பால மந்திர் இன்னொரு சான்று. மயிலாப்பூரில் 1937-இல் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைக் கணவர் வி.என். சர்மாவோடு சேர்ந்து நிறுவிய எல்லன் சர்மா ஜெர்மனியில் பிறந்தவர். மணமுடித்து இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்ட அவரைத் தன்னார்வலர் என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

வடபழனியிலிருந்து நூறடிச் சாலை வழியே வடக்கே சென்றால் வரும் அரும்பாக்கம் என்.எஸ்.கே. நகரில், 1983-இல், கர்நாடகத்திலிருந்து சென்னைக்கு வந்து சமூகப் பணி படித்த வித்யாகர் 'உதவும் கரங்கள்' அமைப்பைத் தொடங்கினார். குடிசைப் பகுதி ஒன்றில் சிறிய அளவில் தொடங்கி, பின்னர் திருவேற்காடு, திருமுல்லைவாயல் வளாகங்களுக்கு விரிந்த அந்த அமைப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவர் 'பப்பா'. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் இந்த நகரத்தில் தங்கிவிட்டதன் விளைவு அது. வெளியூரிலிருந்து வந்தவரா உள்ளூர்க்காரரா என்பது குழந்தைக்குப் பொருட்டில்லை, நாளையும் நாளை மறுநாளும் அதே முகம் இருக்குமா என்பதே பொருட்டு என்று எடுத்துக்கொண்டால், அடையாற்று மருத்துவரையும் டோனாவூர் அம்மையாரையும் என்.எஸ்.கே. நகர்க்காரரையும் ஒரே வரிசையில் வைத்துவிடலாம்.

வெளிநாட்டுத் தன்னார்வலரைப் பற்றிப் பேசும்போது சென்னைவாசி தம்மையும் சற்றுப் பார்த்துக்கொள்வது நியாயம். வடபழனி முருகன் கோயிலில் முகூர்த்த நாளன்று வரிசையாகத் திருமணங்கள் நடந்து முடிந்த கையோடு, புதுமணத் தம்பதியர் பக்கத்து இல்லம் ஒன்றுக்குச் சென்று ஒருவேளைச் சாப்பாடு வழங்குவது இந்த வட்டாரத்தில் நன்கு பழகிப்போன காட்சி. பல இல்லங்களின் அலுவலக அறையில் காலைச் சிற்றுண்டிக்கு இவ்வளவு, மதியச் சாப்பாட்டுக்கு இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் இவ்வளவு என்று நன்கொடைப் பட்டியல் தொங்கும். பிறந்தநாள் என்றால் கேக் வரும், குழந்தைகள் வரிசையில் அமர்ந்து, முன்பின் அறியாத ஒருவருக்காகக் கைதட்டிப் பாடுவார்கள், படம் எடுக்கப்படும், அரைமணி நேரத்தில் கார்கள் கிளம்பிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பிறந்தநாள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் குழந்தைகளுக்கு இரண்டு பாயசம் கிடைக்கும், செவ்வாய்க்கிழமைக்கு ஆள் இராது. அன்னதானத்தின் புண்ணியத்தைக் குறைத்துப் பேசுவதற்காக இது சொல்லப்படவில்லை. அரிசியும் பருப்பும் இல்லங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுகின்றன. ஆனால் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து விமானம் ஏறி வருகிறவரும் அசோக் நகரிலிருந்து கேக்கோடு வருகிறவரும் குழந்தையின் முன் ஒரே மாதிரித் தோன்றி ஒரே மாதிரி மறைகிறார்கள். முன்னவர் மறையச் சற்று அதிக நாளாகிறது, அவ்வளவே.

ஒட்டிக்கொள்ளுதல் என்னும் அறிகுறி

இந்தத் தோன்றி மறைதலின் விளைவை உளவியலாளர்கள் முக்கால் நூற்றாண்டாக ஆராய்ந்து வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் பிரிட்டிஷ் உளமருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, சிறு குழந்தைக்குத் தாயோ தாய்க்கு நிகரான ஒருவரோ தொடர்ச்சியாகக் கிடைக்காவிட்டால் அதன் மனவளர்ச்சி ஆழமாகப் பாதிக்கப்படுகிறது என்று கூறியது. குழந்தை தன்னை வளர்க்கும் குறிப்பிட்ட சிலரோடு கொள்ளும், ஆபத்து வந்தால் ஓடிச் சென்று அணைத்துக்கொள்ளும் இந்தப் பிணைப்பைப் பற்றுறவு எனலாம். ருமேனியத் தலைநகர் புகாரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். குடும்பங்களுக்குச் சென்றவர்களின் வளர்ச்சி இல்லத்திலேயே தங்கியவர்களின் வளர்ச்சியைவிட மேம்பட்டிருந்ததும், இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்களிடம் அந்த மேம்பாடு இன்னும் தெளிவாக இருந்ததும் பதிவாயின.

இல்லத்துக் குழந்தைகளிடம் வருகையாளர் அனைவரும் மகிழ்ந்து குறிப்பிடும் ஓர் இயல்பு உண்டு: வாசலில் கால் வைத்ததுமே ஓடிவந்து கையைப் பிடிப்பதும், மடியில் ஏறுவதும், பெயர் தெரிவதற்கு முன்பே கழுத்தைக் கட்டிக்கொள்வதும். வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை புதியவரைக் கண்டால் அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஓடிவருதல் அன்பின் பெருக்கு மட்டுமன்று என்பது விளங்கும். யாரிடமும் நிலையாகப் பற்றுக்கொள்ள வாய்ப்பில்லாத பிள்ளை எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் இந்த நிலையை மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகவே வகைப்படுத்துகிறார்கள். தங்கிப் பணிபுரிய வந்தவரிடம் சற்றே வளர்ந்த பிள்ளைகள், "அக்கா, நீங்க எப்ப ஊருக்குப் போவீங்க?" என்று முதல் நாளிலேயே கேட்டுவிடுவதுண்டு. அது ஆர்வத்தில் எழும் கேள்வியாகத் தோன்றினாலும், எவ்வளவு ஒட்டலாம் என்று அளந்துகொள்ளும் முயற்சியாகவும் இருக்கக்கூடும்.

இதன் வணிகப் பக்கம் இன்னும் கொடியது. வெளிநாட்டவர் பணத்தோடு வருகிறார்கள் என்ற காரணத்தாலேயே இல்லங்கள் பெருகிய நாடுகள் உண்டு. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது. அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடிருந்தவர்கள். ஆதரவற்றோர் இல்லச் சுற்றுலா என்று அழைக்கப்படும் இந்தப் போக்கினால் விளையும் கேட்டை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம் வெளிப்படையாகவே சுட்டிக்காட்டியது.

தமிழ்நாடும் இதற்கு விலக்கன்று. இங்குள்ள இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றி 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எட்டிய முறையீட்டிலிருந்து எழுந்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்கள் இடம்பெற்றுள்ளன. 2017 மே 5 அன்று வழங்கப்பட்ட அதன் தீர்ப்பு, நாடு முழுவதிலுமுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட்டாக வேண்டும் என்று ஆணையிட்டது.

சட்டம் வரையும் கோடு

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை எதுவும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்டு, அதன் ஆணையின் பேரிலேயே இல்லத்தில் சேர வேண்டும். பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவரும் எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. 'நான் விருந்தாளி, எனக்கேன்' என்று தன்னார்வலர் ஒதுங்கிக்கொள்ள அதில் இடமில்லை.

விசா விதிகளும் குறுகிய வருகையையும் நீண்ட தங்கலையும் பிரித்தே வைத்திருக்கின்றன. சுற்றுலா விசாவில் வருகிறவர் எந்தக் கைம்மாறும் பெறாமல் அதிகபட்சம் ஒரு மாதம் மட்டுமே தன்னார்வப் பணி செய்யலாம். அதற்கு மேல் இருக்க விரும்புகிறவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றில் மதிப்புறு பணி செய்வதாகக் குறிப்பிட்டு வேலைவாய்ப்பு விசா பெற வேண்டும். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பது விசாவிலேயே எழுதப்படும். நினைத்தபோது வேறு இல்லத்துக்கு மாறிவிட முடியாது. 180 நாட்களுக்கு மேற்பட்ட விசா உள்ளவர்கள் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் உள்ளது, இப்போது பெரும்பாலான வேலை இணையவழியாகவே முடிந்துவிடுகிறது. நல்ல மனத்தோடு வந்தவர்கள் தெரியாமலே சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இல்லத்தின் நிலையைக் கண்டு உருகி, சொந்த ஊர் நண்பர்களிடம் பணம் திரட்டி, அதை இல்லத்தின் சாதாரண வங்கிக் கணக்குக்கு அனுப்பச் செய்வது, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி குற்றம்; அந்தச் சட்டத்தின்படி பதிவோ முன்அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே, அதுவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் திறக்கப்பட்ட கணக்கின் வழியாக மட்டுமே, அத்தகைய பணத்தைப் பெறலாம். உதவ எண்ணியவரால் இல்லத்தின் பதிவுக்கே ஆபத்து வரக்கூடும்.

ஜெர்மானிய அரசு 2008-இல் தொடங்கிய 'வெல்ட்வேர்ட்ஸ்' போன்ற திட்டங்கள், 18 முதல் 28 வயது வரையுள்ள இளைஞர்களை, பெரும்பாலும் ஓராண்டுக் காலத்துக்கு, முன்பயிற்சியும் காப்பீடும் தந்து வெளிநாடுகளுக்கு அனுப்புகின்றன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த அந்த இளைஞர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள் என்பதைத் திட்டமே ஒப்புக்கொண்டு, அதைக் 'கற்றல் சேவை' என்று அழைப்பது பாராட்டத்தக்க நேர்மை. அனுப்புகிறவர்கள் அறிந்திருக்கும் இந்த உண்மையைப் பெறுகிற இல்லங்களும் அறிந்திருந்தால், 19 வயதுப் பெண் ஒருத்தியிடம் 30 குழந்தைகளின் மனக்காயத்தை ஆற்றும் பொறுப்பை ஒப்படைக்கத் துணியமாட்டார்கள்.

யாருக்குத் துணையாக வருவது

அப்படியானால் நீண்டகாலம் தங்குகிறவர் செய்யக்கூடியது என்ன என்ற கேள்விக்கு இல்லத்தின் அன்றாடமே விடை வைத்திருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கும் வேலை, சிறு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, பள்ளிச் சீருடையைத் தேடி, பெண்பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவிப் பேன்சீப்பால் வாரி, இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டி, டிபன் பாக்ஸ் நிரப்பி, ஒருத்தியின் ஒற்றைக் காலுறை கிடைக்காமல் மூலை முடுக்கெல்லாம் துழாவி, எட்டரை மணிக்கு எல்லோரையும் வாசல் தாண்டி அனுப்புவதுவரை மூச்சு விடாமல் ஓடுகிறது. இதைச் செய்பவர் ஆயா என்றோ இல்லத்தாய் என்றோ அழைக்கப்படும் உள்ளூர்ப் பெண்மணி. குறைந்த சம்பளம், குறைவான உறக்கம், பெரும்பாலும் முதுகுவலி. குழந்தைக்குப் பற்றுறவு அமைய வாய்ப்புள்ள ஒரே ஆள் அவர்தான். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் குழந்தைக்கு அது இன்னொரு கைவிடல். ஆகவே வெளிநாட்டிலிருந்து வருகிறவர் குழந்தையைத் தம்மிடம் ஈர்த்துக்கொள்வதைக் காட்டிலும் அந்தப் பெண்மணியின் கையைத் தளர்த்தாமல் பார்த்துக்கொள்வதே பெரிய உதவி. காலையில் தலைவார ஒரு கூடுதல் கை, வாரத்தில் ஒரு நாள் அவருக்கு முழு விடுப்பு, இயன்முறை மருத்துவம் படித்தவராயின் மாற்றுத்திறன் குழந்தையைத் தூக்கும் முறையை அவருக்குக் கற்றுத் தருதல், கணக்கு அறிந்தவராயின் அலுவலகத்தின் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தித் தருதல் ஆகியவை படத்தில் அழகாக விழாத வேலைகள். வந்தவர் போன பிறகும் நிற்கும் வேலைகள் அவைதாம்.

இதற்கு மொழி வேண்டும். தமிழ் தெரியாமல் குழந்தையோடு விளையாடிவிடலாம், ஆயாவோடு பேச முடியாது. ஏமி கார்மைக்கேல் காலத்து மிஷன் அமைப்புகள் புதிதாக வந்தவரை முழுநேரமாகத் தமிழ் படிக்க வைத்து, தேர்வும் நடத்தி, அதன் பிறகே பொறுப்புக் கொடுத்தன; அவர்களுடைய சமய நோக்கத்தோடு உடன்படாதவர்கள்கூட அந்த ஒழுங்கை இரவல் வாங்கிக்கொள்ளலாம். மூன்று மாதம் மொழி, மூன்று மாதம் ஆயாவுக்குக் கீழே வேலை என்று நிபந்தனை வைக்கும் இல்லத்துக்கு விண்ணப்பங்கள் குறையும். குறைவதில் இழப்பும் இல்லை.

இதைவிட அடிப்படையான மாற்றம் ஒன்று இல்லங்களுக்கு வெளியே நடந்துகொண்டிருக்கிறது. வறுமையினாலோ தந்தையின் மறைவினாலோ இல்லத்துக்கு வரும் பிள்ளையைத் தாயோடே இருக்கவைக்கும் பொருட்டு, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் 2022 முதல் தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வழங்கப்படுகிறது. ஐரோப்பாவிலிருந்து வந்து திரும்ப ஆகும் ஒரு விமானச் சீட்டின் விலையில் ஒரு குழந்தை பல மாதங்கள் தன் வீட்டிலேயே வளரலாம் என்ற கணக்கு, வர நினைக்கிறவரைச் சங்கடப்படுத்தத்தான் செய்யும். சங்கடப்பட்ட பின்பும் வருகிறவர் தெளிந்து வருவார்.

18 வயது முடிந்து வெளியேறும் இளைஞர்களைப் பற்றி இந்தப் பேச்சுகளில் எவரும் நினைப்பதில்லை. 21 வயது வரை அவர்களுக்குப் பின்பராமரிப்பு, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பின் தங்குமிடம், படிப்பு, வேலை ஆகியவற்றுக்கான ஆதரவு அளிக்கச் சட்டம் வழிசெய்கிறது. ஆனால் தீபாவளிக்கு எங்கே போவது, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் யார் உட்காருவது, பிரசவத்துக்கு எந்த வீட்டுக்குச் செல்வது என்பவற்றுக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அரசு அமைத்த அன்னை சத்யா இல்லத்துச் சிறுமியரோடு, அன்று அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், பணிமாற்றங்களுக்குப் பிறகும் தொடர்பை விடாமல், அவர்கள் வளர்ந்து மணமுடித்தபோது குடும்பத்தவராக முன்நின்றதைத் தமிழ்ச் செய்தித்தாள்கள் எழுதின. அவர் அந்த இல்லத்தில் ஒரு நாளும் குடியிருந்தவரல்லர். ஓராண்டு தங்கிவிட்டுச் சென்ற வெளிநாட்டுத் தன்னார்வலருக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது: தம்மிடம் பழகிய பிள்ளைக்கு, இல்ல நிர்வாகத்தின் அறிவோடு, ஆண்டுதோறும் தவறாமல் கடிதம் எழுதுவதும், பிளஸ் டூ முடிவு வரும் நாளில் தொலைபேசியில் அழைப்பதும், கல்யாணப் பத்திரிகை வந்தால் சீட்டெடுத்து வந்து சேர்வதும் இன்றைக்குக் கடினமான காரியங்கள் அல்ல. இல்லத்தில் சேரும்போதே அவரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கும் நிர்வாகிகள், தங்கும் காலத்துக்கான விதிகளோடு போன பிறகான பத்தாண்டுக்கும் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளலாம்.